மூன்று நிற நூல்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் காலைப் பேருந்தில் ஷாரோனின் உதடுகள் ஓயவில்லை. கைண்ட், கைண்ட்னஸ். அக்ரீ, அக்ரிமென்ட். எஜுகேட், எஜுகேஷன். பதினொரு மணிக்கு ஆங்கிலத் தேர்வு. கடற்கரை விடுதியின் துணி அறையில் ஏழு வருடம் விரிப்பு மடித்தவளுக்கு வரவேற்பு மேசையில் ஓர் இடம் கிடைக்குமா என்பது இன்று தெரிந்துவிடும்.

எந்தச் சொல்லின் வாலில் எதை ஒட்டினால் பெயர்ச்சொல் ஆகும் என்பது புத்தகத்தில் படித்து மனத்தில் ஏறவில்லை. நூலைப் பிடித்துத்தான் ஏறியது. புது விரிப்புகளின் மூலையில் ஒற்றைக் கட்டிலுக்குச் சிவப்பு, இரட்டைக்கு நீலம், பெரிய கட்டிலுக்குப் பச்சை என்று நூலால் குறி போடுவது அவள் வேலை. சிவப்புக்கு 'னஸ்', நீலத்துக்கு 'மென்ட்', பச்சைக்கு 'ஷன்' என்று பிரித்துக்கொண்டாள். நேற்றெல்லாம் முணுமுணுத்துக்கொண்டேதான் தைத்தாள்.

துணி அறையில் காலை ஷிப்டில் இருந்த வசந்தா ஒரு விரிப்பை உதறிக் காட்டினாள்.

"இன்னாடி இது? நீல நூல் கீதேன்னு டபுளுக்கு எடுத்துகினு போனா பாதி மெத்தைக்குக்கூட வரல. கெஸ்ட் கத்திகினு கீறாரு."

ஷாரோன் மூலை நூலைத் தடவிப் பார்த்தாள். நேற்று கட்டிலின் அளவைப் பார்க்காமல், வாய் சொன்ன சொல்லுக்கெல்லாம் கை நூல் எடுத்திருக்கிறது. நாற்பது விரிப்பு! பிளேடை எடுத்துப் பிரிக்க உட்கார்ந்தாள். பத்து ஐம்பதுக்கு வசந்தா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போடி. நான் பாத்துக்கறேன்."

"இது உன் ஷிப்டு, அக்கா. தப்பு உன் தலையில விழும்."

"என் தலை கெட்டி. போயி ஏசில குந்து, ஆபீசரம்மா!"

தேர்வு அறையில், தாளில் 'மூவ்' என்ற சொல்லைப் பார்த்ததும் விரல் நீல நூலைத் தேடியது. மூவ்மென்ட். இவ்வளவு சுலபமாக வந்ததே அவளை உறுத்தியது. நகத்தில் இன்னும் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

மேற்பார்வைக்கு நின்ற மேலாளர் பார்த்தசாரதியின் போன் அடித்தது. "குறி தப்பா? ஷிப்டுல யாரு, வசந்தாவா? மெமோ குடுத்துடுங்க."

பேசாமல் இருந்துவிடலாம். வசந்தா ஒருநாளும் வாய் திறக்க மாட்டாள். அது நிச்சயமாகத் தெரிந்ததுதான் ஷாரோனை உட்காரவிடவில்லை.

"சார், அது நான். வசந்தாக்கா இல்ல."

எழுதிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பார்த்தசாரதி கண்ணாடியைக் கழற்றினார்.

"இத இப்பவே சொல்லணுமா? வரவேற்புல இந்த மாதிரி தப்பு நடந்தா இன்னாம்மா பண்றது?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எழுதி முடி. அப்புறம் போய் மொத்தத்தையும் பிரி."

"மெமோ, சார்?"

"உன் பேர்லதான்."

உட்கார்ந்தாள். இன்னும் ஆறு சொற்கள். நகத்துப் பிசிறை உதறிவிட்டு அடுத்த சொல்லைப் படித்தாள்.