மீதி அடுத்த ஆயிலுக்கு

தம்பிக்கு நாற்பத்தேழு வயது. முன்மண்டை காலி, கடைவாயில் இரண்டு பல் காலி. இருந்தாலும் தெருவில் எல்லோருக்கும் அவன் தம்பிதான். அக்கா அப்படிக் கூப்பிட்டாள், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அக்கா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியும் அந்தப் பெயர் அவனை விட்டுப் போகவில்லை.

அவன் பிழைப்பு ஆஸ்பத்திரித் துணி. சலவைக்கூடத்தில் வெளுத்து மடித்த படுக்கை விரிப்புகளை வேனில் அடுக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியின் பின்வாசலில் இறக்குவான். அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்புவான். வாரத்தில் ஆறு நாளும் இதே ஓட்டம்தான். டீசல் வேன், பதினோரு வயது, அவன் சொந்த வண்டி. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை, அதாவது நாலு மாதத்துக்கு ஒரு தடவை, ஆயில் மாற்ற அத்தானின் ஷெட்டுக்குக் கொண்டுபோவான்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். மெக்கானிக். பிள்ளை குட்டி கிடையாது. ஷெட்டுக்குப் பின்னால் ஒரே அறை, அதில் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, அக்காவின் தையல் மெஷின். தம்பியின் வீட்டிலிருந்து ஷெட்டுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் ஆயில் மாற்ற நேரம் வந்தால்தான் போவான். அத்தானும் அப்படித்தான், ஏதாவது நட்டு போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் இவன் வீட்டுப் படியேறுவார். 'சும்மாதான் வந்தேன்' என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வராது. அக்கா இருந்தவரை அந்த வேலையை அவள் பார்த்துக்கொண்டாள்.

ஆயில் விஷயத்தில் அத்தானுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மற்ற ஷெட்டுகளில் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் நட்டைக் கழற்றிவிட்டு, ஆயில் நூலாக மெலிந்ததும் மூடிவிடுவார்கள். அத்தான் மூடமாட்டார். கடைசிச் சொட்டு தட்டில் விழும்வரை இருபது நிமிடமானாலும் காத்திருப்பார். "அவசரப்பட்டா பழசு உள்ளயே நிக்கும், மச்சான். அப்புறம் புதுசையும் கெடுத்துடும்." யாராவது அவசரப்படுத்தினால், வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிடுவார்.

அந்த இருபது நிமிடமும் இருவரும், ஏதோ வேனிலிருந்து பிடுங்கிப் போட்ட இரண்டு சீட்டுகளில் உட்கார்ந்திருப்பார்கள். அப்போதுதான் அத்தான் அக்காவைப் பற்றிப் பேசுவார். ஒரு ஆயிலுக்கு ஒரு கதை. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறார் என்று ஷெட் சாவியை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்த கதை. வண்டி ஓட்டத் தெரியும் என்று வீறாப்பாக ஏறி, வாடிக்கையாளர் காரைப் பின்னால் எடுத்து மதில்சுவரில் இடித்துவிட்டு, "சுவர் இங்க இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று அத்தானிடமே சண்டைக்குப் போன கதை. கல்யாணமான புதிதில் அவள் தினமும் காலையில் அழுத கதையும் உண்டு. ஏன் என்று கேட்டால், அம்மா இல்லாத பிள்ளை, தம்பிக்கு இனிமேல் யார் தலை வாரிவிடுவார்கள் என்றாளாம்.

பாதிக் கதையில் தட்டில் சொட்டு நின்றுவிட்டால் அத்தான் எழுந்துவிடுவார். கெஞ்சினாலும் மசியமாட்டார். "மீதி அடுத்த ஆயிலுக்கு" என்று நட்டை முடுக்க வண்டிக்கு அடியில் போய்விடுவார். கதையை அந்தரத்தில் விடுவதில் அந்த மனிதருக்கு அப்படி ஓர் அற்ப சந்தோஷம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த ஒரு கதை வரும்வரை.

"கடைசி வெள்ளிக்கிழமை உங்க அக்கா கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னா, மச்சான்," என்று அத்தான் அன்று ஆரம்பித்தார். "வாசலைப் பார்த்து. எதுக்குன்னு கேட்டேன். அப்போ உன்னைப் பத்தி ஒண்ணு சொன்னா..."

தம்பி சீட்டின் நுனிக்கு வந்துவிட்டான். அந்த வாரம் முழுக்க அக்கா இவனைப் பார்க்கவேண்டும் என்று சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தாள். இவன், "ஞாயித்துக்கிழமை வர்றேன், இந்த வாரம் லோடு ஜாஸ்தி" என்று சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தான். சனிக்கிழமை விடியும்போது அவள் இல்லை. அதைப் பற்றி அவன் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அவன் மனைவிகூட அந்தப் பேச்சை எடுக்கமாட்டாள்.

சட்டென்று குனிந்து தட்டைப் பார்த்தான். "சொட்டு நின்னுடுச்சு, அத்தான்" என்றான்.

நிற்கவில்லை, இன்னும் இரண்டு சொட்டு பாக்கி இருந்தது. அத்தானும் பார்த்தார், மச்சானின் முகத்தையும் பார்த்தார். "சரி, மீதி அடுத்த ஆயிலுக்கு" என்று எழுந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நாலு மாதம் தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா என்ன சொல்லியிருப்பாள்? 'அவன் வரமாட்டான், எனக்குத் தெரியும்' என்று சொல்லியிருப்பாள். வேறு என்ன சொல்லப்போகிறாள்? அதை அத்தானின் வாயால் கேட்டுவிட்டு, அப்புறம் எப்படி நிமிர்ந்து நடப்பது? வண்டியை எடுக்கும்போதெல்லாம் மீட்டரைத்தான் முதலில் பார்த்தான்.

அந்தச் சமயம் பார்த்து உதிரிபாகக் கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். சிந்தடிக் ஆயில். கூடவே கம்பெனி ஃபில்டர். "சாதா ஆயில் எல்லாம் பழைய காலம். இதை ஊத்துங்க, இந்த ஃபில்டரைப் போடுங்க. பதினஞ்சாயிரம் வரைக்கும் திரும்பிப் பார்க்க வேண்டாம்."

தம்பிக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டாம் என்ற ஒன்று மட்டும் ஏறியது. வாங்கிவிட்டான். எஞ்சினுக்கு நல்லது என்று மனைவியிடம் சொன்னான், சலவைக்கூடத்தில் சொன்னான், தனக்குத்தானேயும் சொல்லிக்கொண்டான். உண்மையில் அவன் வாங்கியது ஒரு வருடத் தலைமறைவு.

அன்று வண்டியை ஷெட்டில் விட்டதும் நழுவினான். "ஆஸ்பத்திரியில ஒரு கையெழுத்து வாங்கணும், அத்தான். நீங்க பாருங்க, இதோ வந்துடறேன்." எந்தக் கையெழுத்தும் இல்லை. முக்குக் கடையில் இரண்டு டீ குடித்துவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். அத்தான் ஒரு சீட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சீட்டைத் தூசி தட்டி, ஒரு பழைய துணியை விரித்து வைத்திருந்தார்.

அவர் பொய் பேசுகிற ஆள் இல்லை. தொழிலில் நல்லதை நல்லது என்று சொல்லிவிடுவார். "நல்ல ஆயில், மச்சான். ஃபில்டரும் நல்லா இருக்கு, உள்ள தாளை எவ்வளவு நெருக்கமா மடிச்சிருக்கான் பாரு. ஒரு தடவை உள்ள கழுவிட்டுத்தான் ஊத்தியிருக்கேன். சீல் எதுவும் கசியல." பிறகு வழக்கம்போல, வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கரில் அடுத்த ஆயிலுக்கான கிலோமீட்டர் எண்ணை எழுதினார். அத்தானுக்கு எழுத்து வராது, படிப்பு ஏறவில்லை. எண் மட்டும் முத்து முத்தாக எழுதுவார். மீட்டரில் 84200. அவர் எழுதியது 89200.

"என்னத்தான், ஐயாயிரம்னு போட்டிருக்கீங்க?"

"சும்மா ஒரு தடவை கொண்டு வா. மாத்த வேண்டாம், பார்த்துட்டு விட்டுடலாம். பழைய வண்டி இல்லையா."

தம்பி காலி டப்பாவை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். பதினைந்தாயிரம் என்று அச்சடித்திருந்த இடத்தை நகத்தால் இரண்டு தட்டு தட்டினான். "கம்பெனிக்காரனே சொல்றான். நீங்க என்ன அவனுக்கு மேலயா?"

அத்தான் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுக் கை துடைக்கப் போனார். வாடிக்கை போய்விடும் என்று மனிதருக்குப் பயம் என்று தம்பி நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொள்வது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரில் இருந்ததை அடித்துவிட்டு, மேலே 99200 என்று தன் கோணல் கையெழுத்தில் எழுதினான்.

ஐந்தாவது மாதம் ஒரு நாள், பின்வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது அத்தான் போன் செய்தார். குரல் கரகரவென்று இருந்தது.

"வண்டி எப்படி ஓடுது?"

"பூ மாதிரி ஓடுது, அத்தான். தொண்டைக்கு என்ன, சளியா?"

"ஆமா, சளிதான். ஐயாயிரம் ஆயிடுச்சா?"

"அது எப்பவோ ஆயிடுச்சே."

"ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். இந்த வாரத்துக்குள்ள."

தம்பிக்கு அந்தப் பாதிக் கதை நினைவுக்கு வந்தது. "இந்த வாரம் லோடு ஜாஸ்தி, அத்தான்" என்றான். சொன்ன பிறகுதான் இதே வார்த்தையை முன்பும் சொல்லியிருக்கிறோமே என்று உறைத்தது. அதற்குள் அந்தப் பக்கம், "சரி, வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டார்.

மீட்டர் 99200ஐத் தொட்ட காலையில் தம்பி புது டப்பாவும் புது ஃபில்டருமாக ஷெட்டுக்குப் போனான். இந்த முறை ஓடுவதில்லை என்று முடிவு செய்திருந்தான். ஒரு வருடமாகக் கேட்காமலே அந்த வார்த்தை அவனைத் தினமும் வதைத்துவிட்டது. எதுவானாலும் கேட்டுத் தொலைத்துவிடலாம், திட்டாக இருந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

அத்தான் பாதியாக இளைத்திருந்தார். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. இவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, கை நீண்டது, வாய் 'வா மச்சான்' என்று அசைந்தது. சத்தம்தான் வரவில்லை.

பக்கத்துக் கடை டயர்க்காரர் ஓடிவந்தார். "உங்களுக்குத் தெரியாதா தம்பி? தொண்டையில கட்டி. குரல் பெட்டியையே எடுத்துட்டாங்க. ஆறு மாசம் ஆச்சு. கருவி வெச்சுப் பேசலாம்னாங்க, இவருக்கு ஒத்துக்கலை."

"எங்க... எந்த ஆஸ்பத்திரி?"

"உங்க ஆஸ்பத்திரிதான். மூணாவது மாடி, பதினெட்டு நாள். நீங்க பின்வாசலுக்கு வர்றதை ஜன்னல்லேர்ந்து பார்ப்பார். நான் சொல்லட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னு கையாட்டிட்டார். ஆபரேஷனுக்கு முந்தியே சொன்னார், அவன் சும்மா வர்றவன் இல்ல, வண்டிக்கு நேரம் வந்தா வருவான்னு."

மூன்றாவது மாடிக்கு விரிப்பு போவது தம்பியின் வண்டியில்தான். அவன் இறக்கிய துணியில் அவர் பதினெட்டு நாள் படுத்திருக்கிறார். அந்த போன் எதற்கு வந்தது என்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. குரல் போவதற்கு முன்னால் கதையை முடித்துவிட வேண்டும் என்று மனிதர் கூப்பிட்டிருக்கிறார்.

அத்தான் அதற்குள் வண்டிக்கு அடியில் போய் நட்டைக் கழற்றிவிட்டு வந்தார். இருவரும் சீட்டில் உட்கார்ந்தார்கள். தட்டில் ஆயில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"மீதியைச் சொல்லுங்கத்தான்," என்றான் தம்பி. "கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாளே. அப்புறம் என்ன சொன்னா? என்னைத் திட்டினாளா?"

அத்தான் பலமாகத் தலையாட்டினார், இல்லை என்று. உள்ளங்கையை விரித்துக் கட்டில் மாதிரி திருப்பிக் காட்டினார். வாசலைக் காட்டினார். தம்பியைக் காட்டினார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. விரல்களை மடக்கிக் காற்றில் தலை வாருவதுபோல இரண்டு இழுப்பு இழுத்தார். உதடுகள் அசைந்தன. நாலு வார்த்தை இருக்கும், ஐந்து வார்த்தை இருக்கும். தம்பிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"சீப்பு கேட்டாங்களா?" என்றார் நின்றுகொண்டிருந்த டயர்க்காரர்.

அத்தான் ஆமாம் என்றும் இல்லை என்றும் கையை ஆட்டினார். மறுபடி முதலிலிருந்து கட்டில், வாசல், தம்பி, சீப்பு, சிரிப்பு. மறுபடி உதடுகள்.

"தலை வாராம வராதேன்னாங்களா? இல்ல, மொட்டை போடச் சொன்னாங்களா?" டயர்க்காரர் பாவம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அள்ளி வீசினார். தம்பிக்கு அவர் வாயைப் பொத்தவேண்டும் போலிருந்தது.

மூன்றாவது தடவை அத்தான் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக உதட்டை அசைத்தார். கழுத்துத் துணி ஏறி இறங்கியது, நெற்றியில் வேர்த்துவிட்டது. தம்பியால் அதைப் பார்க்க முடியவில்லை. "புரிஞ்சுடுச்சு, அத்தான். புரிஞ்சுடுச்சு" என்றான்.

அத்தான் அவனை ஒரு கணம் பார்த்தார். சொட்டு நிற்காமலே நின்றுவிட்டது என்று அன்றைக்குச் சொன்னவனின் முகம் அவருக்குத் தெரியாதா? தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் தட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அக்கா கோபப்படவில்லை, அது மட்டும் தெரிந்தது. சாகும் தறுவாயில், இவனைப் பற்றி என்னவோ நல்லதாக, சிரிக்கும்படியாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பயந்துதான் இவன் ஒரு வருடம் ஒளிந்து திரிந்திருக்கிறான். தம்பி தன் வழுக்கைத் தலையில் கையை வைத்துக்கொண்டு, வெட்கம் பார்க்காமல் அழுதான்.

கடைசிச் சொட்டும் விழுந்தது. அத்தான் நட்டை முடுக்கினார், ஃபில்டரைப் போட்டார், ஆயிலை ஊற்றினார். ஸ்டிக்கர் எடுத்து எழுதினார். முத்து முத்தான எண்கள், 114200.

தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயாயிரம்னு போடுங்கத்தான். பழைய வண்டி இல்லையா. நான் கொண்டுவர்றேன்."

அத்தானின் முகத்தில் கோபம் இல்லை. கீழே கிடந்த காலி டப்பாவை எடுத்துத் துடைத்து, மச்சானின் முகத்துக்கு நேராக நீட்டினார். அச்சடித்திருந்த இடத்தை நகத்தால் இரண்டு தட்டு தட்டினார். பிறகு ஸ்டிக்கரை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திவிட்டு, கை கழுவப் போனார்.

தம்பி வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான். 'நாளைக்குச் சும்மா வர்றேன்' என்று சொல்லிவிடலாம், மூன்றே வார்த்தை, அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒரு சின்னச் சத்தமாவது வராதா, ஒரு நடுக்கமாவது இருக்காதா என்று காதைக் கொடுத்துக் கேட்டான். எஞ்சின் பூ மாதிரி ஓடியது.