ஏழு பூச்சு

பதுர்தீன் பாஸ் மீன் லொறியிலிருந்து இறங்கியபோது அவர் கையில் ஒரு சாக்குப் பொட்டலம் இருந்தது. மதுரங்குளியில் கராஜ் வைத்திருப்பவர் அவர். பள்ளிவாசல்துறைப் பக்கம் வருவது அபூர்வம். வாசலில் நின்றபடியே பொட்டலத்தை அவிழ்த்தார்.

“தங்கச்சி, இத ஒருக்காப் பாருங்க.”

உள்ளே ஒரு காபரேட்டர். பித்தளை கறுத்து, பெற்றோல் பசை இறுகிப்போயிருந்தது. மக்தலேனா அதைத் தொடவில்லை.

“எந்தக் காரில கிடந்தது?”

“மாதம்பைத் தோட்டத்து ஐயா ஒராள் மூணு மாசத்துக்கு முன்ன குருநாகலில வாங்கின கார். நிறம் வேற, நம்பர் வேற, சீட்டும் வேற. பழசா மிஞ்சிக் கிடக்கிறது இது மட்டும்தான். இழுவை இல்லையெண்டு என்னட்டக் கொண்டுவந்து விட்டார். மூடியத் திறந்தன். உள்ளுக்குப் பித்தளை மிதவை இருக்கோணும். பாத்தா மரக்கட்டை.”

அவர் மூடியை விரலால் தட்டினார்.

“உங்கட மாப்புள ஒருக்கா எனக்கு இப்பிடி ஒண்டக் காட்டினவர். ‘என்ர மனிசி செஞ்சது, சீமையிலயும் கிடையாது’ எண்டு பெருமையடிச்சவர். அதான் கொண்டுவந்தன். பசையில ஒட்டிப்போய்க் கிடக்கு. நான் இழுத்தா உடைஞ்சிரும். செஞ்ச கைக்குத்தான் தெரியும்.”

“நாளைக்கு வாங்க நானா” என்றாள். லொறி கற்பிட்டிப் பக்கம் போயிற்று.

அவள் புருசன் யாக்கோபு வாடகைக் கார் ஓட்டியவன். நாற்பத்திரண்டில், பாஸ்குப் பெருநாளுக்கு முதல்நாள், ஒரு வியாபாரியை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனான். மறுநாள் காலை ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்டான். காரும் வரவில்லை, ஆளும் வரவில்லை. நான்கு வருடம் போய்விட்டது.

மக்தலேனா அவனைச் செத்தவனாகவே வைத்திருந்தாள். மாமி பாக்கியம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு மகன் உயிரோடிருந்தான், இன்றோ நாளையோ வருவான். ஒரே குசினியில் சமைத்துக்கொண்டு ஒருத்தி செத்தவனோடும் மற்றவள் வரப்போகிறவனோடும் இருந்தார்கள். அதைப் பற்றிப் பேசுவதை இரண்டாம் வருடமே விட்டுவிட்டார்கள்.

செத்தவனால் மக்தலேனாவுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அவன் அவளை விட்டுப் போகவில்லை. குண்டு விழுந்தது, அவ்வளவுதான்.

மாமி கருவாடு புரட்டக் கரைக்குப் போயிருந்தாள். மக்தலேனா காபரேட்டரை ஒரு சட்டியில் வைத்து, மூழ்கும்வரை மண்ணெண்ணெய் ஊற்றினாள். பசை இளகும்வரை காத்திருந்தாள். பிறகு பழப்புளியும் சாம்பலும் போட்டு வெளிப்புறத்தைத் தேய்த்தாள். பித்தளை மெல்ல மஞ்சளாயிற்று. பக்கவாட்டில் இங்கிலிஸ் எழுத்துகளும் ஓர் இலக்கமும் தெரிந்தன. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்தாலும் பயனில்லை, அப்படி எழுத்துகள் எந்தக் காபரேட்டரிலும் இருக்கும்.

கட்டை ஒட்டிக் கிடந்த கிண்ணத்தைக் கழற்றிச் சுடுதண்ணீரில் வைத்தாள். பித்தளை சூடேறி விரிந்ததும் ஓலை ஈர்க்கைச் சுற்றிவரச் செலுத்தினாள். கட்டை அசைந்தது. தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையால் தட்டினாள். கட்டை மடியில் விழுந்தது.

அவளுடையதுதான். பார்க்கும் முன்பே கை சொல்லிவிட்டது. அவளுடைய தகப்பன் வலைக்கு மிதப்புக்கட்டை சீவிய அதே முள்முருக்கு. உலகச் சண்டை தொடங்கிச் சாமான் வராத காலம் அது. பித்தளை மிதவையில் ஓட்டை விழுந்து கார் ஒரு மாதம் வாசலில் கிடந்தது. அவள் ஒரு மிதப்பை எடுத்துச் சீவி, தச்சன் அலுமாரிக்குப் பூசும் அரக்கைப் பூசிக் கொடுத்தாள். யாக்கோபு சிரித்தான். கார் ஓடியது. வருடம் ஒருமுறை புதிதாக அரக்குப் பூசாவிட்டால் மரம் பெற்றோல் குடித்துவிடும் என்று சொல்லியிருந்தாள். மறக்காமலிருக்கத் தவக்காலத்தில் பூசுவார்கள். நாற்பதில் ஒன்று, நாற்பத்தொன்றில் ஒன்று, நாற்பத்திரண்டில் ஒன்று.

சவரக்கத்தியின் நுனியால் கட்டையின் ஓரத்தைச் சரிவாகச் சுரண்டி வெளிச்சத்தில் பிடித்தாள். அரக்கு அடுக்கடுக்காகத் தெரிந்தது. இரண்டு பூச்சுக்கு நடுவே ஒரு வருட அழுக்கு, மயிர்போல ஒரு கறுப்புக் கோடு.

எண்ணினாள். ஏழு.

மறுபடி எண்ணினாள். பிறகு கட்டையைப் புரட்டினாள். மேற்பூச்சில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. ரேகைகளுக்குக் குறுக்கே, சின்ன வயதில் யாக்கோபுவின் விரலைத் தூண்டில் கயிறு அறுத்த தழும்பு சரிந்து ஓடியது. அரக்குக் காயும்வரை யாக்கோபு ஒருநாளும் பொறுத்ததில்லை. ஈரத்தோடு தூக்கிப் பார்ப்பான். அவள் ஏசுவாள்.

அவள் சொன்னதை அவன் மறக்கவில்லை. அவள் இல்லாமல் நான்கு தவக்காலம், தவறாமல் பூசியிருக்கிறான்.

அரக்குப் புட்டியைத் திறந்து தூரிகையைத் தோய்த்தாள். ஒரு பூச்சுப் பூசினால் விரல் மறைந்துவிடும். இது வேறு யாருடையதோ என்று சொல்லிவிட்டால் பதுர்தீன் பாஸ் கேட்டுக்கொண்டு போய்விடுவார். தூரிகையிலிருந்து ஒரு சொட்டு நிலத்தில் விழுந்தது. சுரண்டிய ஓரத்தை மட்டும் பூசி, கட்டையை நூலில் கட்டிக் காயத் தொங்கவிட்டாள்.

கரையிலிருந்து வந்த மாமி சட்டியைக் கண்டாள்.

“இதென்ன பிள்ள, குசினிக்குள்ள கராஜ் போட்டிருக்கிறாய்?”

“மாமி, இருங்க.”

“இருக்கிறன், இருக்கிறன். என்ன?”

“உங்கட மகன் உயிரோட இருக்கிறார்.”

எல்லாவற்றையும் சொன்னாள். பூச்சுகளைக் காட்டினாள், விரலைக் காட்டினாள். மாமி தொடையில் அடித்துச் சிரித்தாள். கண்ணீர் வழிந்தது.

“நான் சொன்னனே! நான் சொன்னனா இல்லையா? கறுப்புச் சீலையச் சுத்திக்கொண்டு திரிஞ்சாயே, மூதேவி! என்ர பிள்ளையக் குண்டு தொடுமே?” மூக்கைச் சிந்தினாள். “கடைசியா எப்ப பூசினவனாம்?”

“இந்த வருசத் தவக்காலம்.”

“எங்க இருந்து?”

“கார் வித்தது குருநாகலில.”

“குருநாகல் எவ்வளவு தூரம்?”

“புத்தளத்தில இருந்து ஒரே றோட்டுத்தான் மாமி. விடிய வெளிக்கிட்டா மத்தியானம் இஞ்ச வந்திடலாம்.”

மாமியின் வாய் சிரித்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது. அவள் நூலில் தொங்கிய கட்டையை வெகுநேரம் பார்த்தாள்.

“அது ஆரும் களவெடுத்திருப்பான்” என்றாள். “என்ர பிள்ளைய அடிச்சுப் போட்டுட்டுக் காரக் கொண்டு போயிருப்பான்.”

“மாமி, விரல்…”

“விரலெண்டா எல்லாருக்கும் விரல்தான்.”

“தழும்பு கிடக்கு.”

“கடல்காரன் எவனுக்குத் தழும்பு இல்ல?” மாமி எழும்பினாள். “தாய் உயிரோட இருக்க, பிள்ள இருந்தா வரமாட்டானே? செத்துத்தான் போனான். எனக்கு அது முந்தியே தெரியும்.”

மறுநாள் பதுர்தீன் பாஸ் வந்தபோது காபரேட்டர் பூட்டித் தயாராக இருந்தது. அவர் அதை வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

“அல்லாஹ், புதுசு போல இருக்கே! சரி தங்கச்சி, உங்கட ஆள்ர சாமான்தானா?”

“இல்லை!” என்று உள்ளேயிருந்து மாமி கத்தினாள். “என்ர மகன் செத்திட்டான்!”

பாஸ் மக்தலேனாவைப் பார்த்தார்.

“ஓம் நானா. என்ர கைவேலைதான். போன தவக்காலமும் அவர்தான் அரக்குப் பூசியிருக்கிறார்.”

அவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

“குருநாகலில எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கு. விசாரிக்கட்டா?”

“வேண்டாம். போன ஆளுக்கு வழி தெரியும்.”

லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். பாஸ் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

உள்ளே மாமி சாமிப் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். செத்தவர்களுக்கான மன்றாட்டைத் தொடங்கினாள். மகன் பெயரைச் சேர்த்து அவள் அதைச் சொன்னது இதுதான் முதல்தடவை. முதல் அடியை முடித்துவிட்டு மருமகளின் மறுமொழிக்காக நிறுத்தினாள்.

மக்தலேனா வாசல்நிலையைப் பிடித்தபடி நின்றாள். லொறி கிளப்பிய புழுதி மணலில் அடங்கிக்கொண்டிருந்தது.

மாமி கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு மறுமொழியையும் தானே சொல்லிக்கொண்டாள்.