கடல்வீட்டுப் பெரிய சட்டி

சிவகாசிப் பக்கத்து ஆட்கள் முப்பது பேர் ஓரிடத்தில் கூடி, அடுப்புப் பற்றவைக்க ஒரு தீக்குச்சி இல்லாமல் முழித்தோம் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நம்பத்தான் வேண்டும். எல்லாரையும் விட அதிகமாக முழித்தவள் நான். என் பெயர் பொன்மணி. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று தெருவே சொல்லும். வராமல் என்ன செய்யும்? நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் கதிரவனுக்கு அண்ணன்மார் நாலு பேர். ஐந்து குடும்பமும் அச்சங்குளத்தில் ஒரே தெருவில் இருக்கிறோம். ஒருவர் வெடிக்கு மருந்து செலுத்துகிறார், ஒருவர் தரைச்சக்கரம் சுற்றுகிறார், ஒருவர் தீப்பெட்டி கம்பெனிக்குப் போகிறார். தெருவில் யாரைத் தொட்டாலும் வெடி, இல்லாவிட்டால் தீப்பெட்டி. நான் மட்டும் விருதுநகரிலிருந்து வந்தவள். சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஆபீசில் தாள் அடுக்குகிறேன்.

தீபாவளி என்றால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், எங்களுக்கு அலுப்பு. கடைசி லோடு ஏறி, சீசன் முடிந்து, கம்பெனியை அடைத்ததும் ஆளாளுக்குப் பாயை விரித்துத் தூங்குகிற நாள் அது. எங்கள் பண்டிகை அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஐந்து குடும்பமும் வேன் பிடித்து வேம்பார் கடற்கரைக்குப் போவோம். அங்கே எங்களுக்கு ஒரு வீடு உண்டு. பங்களா என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் உப்பளத்துக் கங்காணி தங்கியிருந்த ஓட்டு வீடு. அண்ணன் தம்பிகள் சேர்ந்து வாங்கி, ஆளுக்கொரு பக்கமாகச் சரிசெய்தது. கிணற்றுச் சுவர் ஒருவர் கட்டியது, ஓடு ஒருவர் மாற்றியது. கதவு போட்டது இரண்டாவது அத்தான் தங்கச்சாமி. வருஷா வருஷம் அந்தக் கதவைத் தட்டிக் காட்டி, "தேக்குல்லா!" என்பார். "ஆமாத்தான், என்னா சத்தம்!" என்று சொல்லாமல் ஒருவரும் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது.

அந்த வீட்டில் ஒரு பெரிய சட்டி கிடக்கிறது. ஒரு குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம், அத்தனை பெரிசு. அதில் கறிச்சோறு ஆக்குவதுதான் அன்றைய விசேஷம். சட்டிக்குப் பக்கத்தில் நின்று கரண்டி பிடிப்பது மூத்தவர் சங்கிலிமுத்து அத்தானின் பெண்டாட்டி லட்சுமிகாந்தம் அக்கா. வீடு வாங்கிய நாளிலிருந்து அந்தக் கரண்டி அவள் கையை விட்டு இறங்கியதில்லை. கரண்டி பிடித்தவள் சொன்னால்தான் இலை விரியும், கரண்டி பிடித்தவள் கூப்பிட்டால்தான் கடலில் கிடக்கிற ஆம்பிளைகள் கரையேறுவார்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் எனக்கு ஒரு கூடை வெங்காயம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் வெங்காயம்தான். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்கள், நான் இன்னும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தெருவில் இன்னும் நான் "விருதுநகர்க்காரி"தான். ஒரே ஒரு நாள் அந்தச் சட்டிப் பக்கத்தில் நின்று, "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று நான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் முப்பது பேரும் வரவேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம், அது வேண்டும்.

அந்த வருஷம் 2006. தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் அக்கா வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

"எக்கா, வெங்காயம் உரிச்சு உரிச்சு என் கண்ணு அவிஞ்சு போச்சு. இந்த வருசம் கரண்டிய எங்கிட்டக் குடுங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏத்தா, ஒங்க ஊருல பரோட்டா போடுவாக. முப்பது பேருக்குக் கறிச்சோறு ஆக்கத் தெரியுமா?"

"நல்லாயில்லன்னா கடல்ல கொட்டுங்க. என்னையும் சேத்துத் தள்ளிருங்க."

அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் மென்றாள். பிறகு சொன்னாள்: "சரி. அந்த ஊரு சர்ச்சுல மத்தியான மணி அடிக்குமுல்ல, அதுக்குள்ள எலையில சோறு விழணும். விழுந்துச்சுன்னா கரண்டி ஒனக்கு, எப்பவுமே ஒனக்கு. விழலைன்னா இந்தப் பேச்ச இனிமே எடுக்கப்படாது."

"சரிக்கா" என்றேன்.

அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. பட்டை, கிராம்பு, சோம்பு எல்லாம் பார்த்துப் பார்த்துப் பையில் கட்டினேன். கடல்வீட்டில் சட்டியும் கரண்டியும் தவிர ஒன்றையும் விட்டு வைப்பதில்லை, உப்புக்காற்றில் எல்லாம் நமத்துப் போகும். அதனால் மசாலாப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பண்டல் தீப்பெட்டியும் வைத்தேன். வைத்தேன் என்று அடித்துச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தெருவில் வேன் வந்து நின்றது. சங்கிலிமுத்து அத்தான் வேன் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் வெடி கம்பெனி கேட்டில் சோதனை போடுகிறவர். பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் அவரைத் தாண்டி உள்ளே போகாது. வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "சாயங்காலம் போகையில வாங்கிக்கோ" என்பார். தலை நரைக்கிற வரைக்கும் அதே வேலை. வேன் கதவைப் பார்த்தாலும் அவருக்குக் கம்பெனி கேட் மாதிரிதான் தெரியும் போலிருக்கிறது. எங்கள் ஆம்பிளைகளும் லேசுப்பட்டவர்களா? ஒருவர் பின் ஒருவராகக் கையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள், அவரும் தடவித் தடவி ஏற்றினார். பெண்கள் பக்கம் அவர் திரும்பவில்லை. கம்பெனியில் பெண்களைச் சோதிக்க வேறொரு அம்மா உண்டு. பைகளை மட்டும் வாங்கிப் பார்த்தார். என் மசாலாப் பையையும் பார்த்துத்தான் ஏற்றினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்த வாய்க்கு அன்றைக்கே கிடைத்தது.

வேம்பாரில் இறங்கியபோது மழை விட்டு வெயில் அடித்தது. வேன் நிற்பதற்குள் பிள்ளைகள் கடலுக்கு ஓடிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் அப்பன்மார்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். டிரைவர் எங்களை இறக்கிவிட்டுச் சூரங்குடியிலிருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். தங்கச்சாமி அத்தான் கதவைத் தட்டிக் காட்டினார், நாங்கள் "என்னா சத்தம்!" என்றோம். அக்கா உள்ளே போய்க் கரண்டியை எடுத்து வந்து, முந்தானையால் துடைத்து, என் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் முந்தானையை இழுத்துச் செருகினேன். கல் கூட்டி அடுப்பு வைத்தாயிற்று, பனமட்டையும் கருவேல விறகும் அடுக்கியாயிற்று, கறி கழுவியாயிற்று, அரிசி ஊறுகிறது. சட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டு மசாலாப் பைக்குள் கையை விட்டேன். தீப்பெட்டி இல்லை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். சோம்பு கொட்டியது, கிராம்பு கொட்டியது, தீப்பெட்டி கொட்டவில்லை.

"யாருலே என் தீப்பெட்டிய எடுத்தது?"

நான் போட்ட கூப்பாட்டில் கடலில் கிடந்தவர்கள் எல்லாரும் கரைக்கு வந்துவிட்டார்கள். கரண்டி பிடித்தவள் கூப்பிட்டால் வருவார்கள் என்று சொன்னேன் அல்லவா, வந்தார்கள். ஈரத்தோடு நின்று ஆளாளுக்கு இடுப்பைத் தடவிப் பார்த்தார்கள். ஒருவரிடமும் ஒரு குச்சி இல்லை.

"பீடி குடிக்கிறவகளுமா தீப்பெட்டி இல்லாம வந்தீக?" என்று தங்கச்சாமி அத்தானைப் பிடித்தேன்.

"ஏம்மா, என் பெட்டியத்தான் அண்ணன் வேன்ல ஏறும்போதே வாங்கி வெச்சுக்கிட்டாருல்ல."

முப்பது பேரும் சங்கிலிமுத்து அத்தானைத் திரும்பிப் பார்த்தோம். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"ஆமா. மசாலாப் பையில வேற ஒரு பண்டல் இருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்து நம்ம வீட்டுக் காம்பவுண்டுச் சுவத்து மேல பத்திரமா வெச்சிருக்கேன். செல்போனு ரெண்டும் அங்கனதான் இருக்கு. சாயங்காலம் போகையில வாங்கிக்கிடலாம்ல?"

பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. தங்கச்சாமி அத்தான் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அவர் மேல் சாய்ந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை. சிரித்துக்கொண்டே அழுதேன்.

அதற்கப்புறம் ஆள் ஆளுக்குப் பறந்தார்கள். அக்கம்பக்கத்துக் குடிசையெல்லாம் பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஊரே பூசைக்குப் போயிருந்தது. கதிரவன் கடைக்கு ஓடினார், கடையும் அடைப்பு. பெரிய ரோட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று திரும்ப ஓடினார். தங்கச்சாமி அத்தான் மகள் எழில் காலேஜில் படிக்கிறவள். அப்பாவின் கண்ணாடியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பனம்பஞ்சைப் பற்றவைக்கப் பார்த்தாள். லேசாகப் புகை கிளம்பியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த நேரம் பார்த்து மேகம் வந்து சூரியனை மூடிக்கொண்டது.

மேகம் விலகும் விலகும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். சர்ச்சில் மத்தியான மணி அடித்தது.

சட்டி பச்சைத் தண்ணீரோடு இருந்தது. கரண்டியைச் சட்டி மேல் வைத்துவிட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன். என் மேலேயே எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அடுத்த வருஷமும் வெங்காயம். அதற்கடுத்த வருஷமும் வெங்காயம். அக்கா எங்கேயாவது நின்று சிரித்துக்கொண்டிருப்பாள் என்று சுற்றிப் பார்த்தேன். அவளைக் காணவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மணலில் அவள் வருவது தெரிந்தது. முட்டுவலிக்காரி, காலை இழுத்து இழுத்து வந்தாள். முகமெல்லாம் வேர்வை. என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, மடியை அவிழ்த்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"சர்ச்சு வாசல்ல போயி நின்னேன். மெழுகுதிரி பொருத்திக்கிட்டிருந்த ஒரு அம்மாகிட்டக் கேட்டு வாங்கியாந்தேன்" என்றாள். "எந்த ஊருன்னு கேட்டாக. நம்ம ஊரச் சொல்ல வாய் வரல. தூத்துக்குடின்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"பொன்மணி, அவரு காலையில பையிலருந்து எடுத்தத நான் பாத்தேன்."

"எக்கா!"

"பாத்துட்டும் பேசாம வேன்ல ஏறி உக்காந்துட்டேன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. எழுந்தே நின்றுவிட்டேன். "ஏன்க்கா? நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கரண்டி ஒங்கிட்டப் போயிருச்சுன்னா, நான் எங்கன போய் உக்காருவேன்? எனக்கு வேற என்னத்தா தெரியும்?"

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அந்த வீட்டில் நிற்க ஓர் இடம் இல்லை என்று நான்தான் இத்தனை வருஷம் பொருமிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அதே பயம். அதை நினைத்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எங்கன உக்காருவீகளா? இங்கன வாங்க" என்று அவள் கையைப் பிடித்துத் தூக்கினேன். "எம்பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிங்க."

அக்கா என்னை முறைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் கனத்த உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

அடுப்படிக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் அதற்குள் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். நான் குச்சியை எடுத்து உரசப் போனேன். அவ்வளவுதான், அங்கே நின்ற அத்தனை பேரும் பழக்க தோஷத்தில் ரெண்டு எட்டுப் பின்னால் போனார்கள். சங்கிலிமுத்து அத்தான் நாலு எட்டுப் போனார். பனமட்டை குப்பென்று பிடித்தது.

"மணி அடிச்சிருச்சேம்மா, பந்தயம் என்னாச்சு?" என்று தங்கச்சாமி அத்தான் எடுத்துக்கொடுத்தார்.

கூடையை இழுத்து மடியில் வைத்திருந்த அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "என்ன மணி? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

வெயில் இறங்குகிற நேரத்தில் சட்டியைத் திறந்தேன். நான் கூப்பிட்டேன், முப்பது பேரும் வந்தார்கள். பசியில் என்ன போட்டாலும் தின்றிருப்பார்கள், அது வேறு விஷயம். முதல் இலையை அக்காவுக்குப் போட்டேன். ஒரு வாய் அள்ளிப் போட்டு, கண்ணை மூடி மென்று, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். பிறகு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த வருஷம் அதே ஞாயிறு, அதே வேன். சங்கிலிமுத்து அத்தான் கதவுப் பக்கம் நின்றுகொண்டு, எவ்வளவு சொல்லியும் கேட்காமல், எல்லார் பையையும் தடவிப் பார்த்தார். என் மசாலாப் பையிலிருந்த பண்டலை எடுத்துக் காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்தார். நான் பல்லைக் கடித்தேன். அக்கா அவரைத் தாண்டி நிதானமாக ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேன் கிளம்பியதும் மடியை லேசாகத் தட்டினாள். உள்ளே குச்சி குலுங்குகிற சத்தம் கேட்டது.

"ஒரு கூடை போதுமாத்தா, இன்னுங் கொஞ்சம் வெங்காயம் வாங்கணுமா?" என்று கேட்டாள்.