டிஸ்கில் ஏறாத பகுதி

கிடங்கு தீப்பிடித்தபோது கேமராவில் பதிவான வீடியோ போன் போனாக ஊரையே சுற்றிவிட்டது. அதில் செத்தவனைப் பெற்ற அப்பா மட்டும்தான் இன்னும் பார்க்கவில்லை. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. போனை நீட்டினால் வெளிச்சமும் கறுப்பும்தான் தெரியும். டிவியில் போட்டுக் கொடு, நாற்காலியைக் கிட்டே இழுத்துப்போட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மகனைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை விடவில்லை.

 பெரியவனும் அதே கிடங்கில்தான் வேலை பார்த்தான். தீப்பிடித்த நேரம் வெளியே லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்ததாக வீட்டில் சொல்லிவைத்திருந்தான். வீடியோ சொன்ன கதை வேறு. சரிந்த இரும்பு அடுக்குக்கு அடியில் தம்பி கிடக்கிறான். பெரியவன் ஓடி வந்து மண்டிபோட்டு அவன் கையைப் பிடித்து இழுக்கிறான். அசையவில்லை. கையை விடாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். புகை இறங்குகிறது. தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு எழுந்து ஓடுகிறான். முகம் தெரியவில்லை, முதுகுதான். சட்டையும் தொப்பியும் எல்லாத் தொழிலாளிக்கும் ஒன்று என்பதால் ஊர் கண்டுபிடிக்கவில்லை. பெற்றவருக்கு முதுகு போதாதா?

அதனால் முதலில் ஒரு சின்னத் தந்திரம் செய்தான். ஓடாது என்று தெரிந்தே, இறக்கி வைத்திருந்த வீடியோவை அப்படியே டிஸ்கில் பதிந்து டிவிடி பிளேயருக்குள் தள்ளினான். அது முனகிவிட்டு டிஸ்க் சரியில்லை என்று காட்டியது. பெட்டி பழசுப்பா, நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று கையை விரித்தான். நல்லது செய்கிறேன் என்று குறுக்கே வந்து நிற்க உலகத்தில் ஆளுக்கா பஞ்சம்? விசிறி மாட்ட வந்திருந்த எலக்ட்ரீஷியன் ஸ்டூலில் நின்றபடியே மூக்கை நுழைத்தார். பெட்டி மேல் பழி போடாதே தம்பி, இது டிவிடி பாஷைதான் பேசும், மாற்றி எழுதினால் ஓடும் என்றார். சொன்னதோடு நிற்காமல் இறங்கி வந்து, அதற்கான சாஃப்ட்வேரையும் கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த சாஃப்ட்வேரில் வெட்டும் வசதியும் இருந்தது. தான் ஓடி வரும் இடத்தில் ஒரு குறி, ஓடி மறையும் இடத்தில் இன்னொரு குறி. நடுவில் இருந்ததை நீக்கினான். ஒட்டிய இடம் புகையில் தெரியவில்லை. மாற்றி முடித்ததும் புது டிஸ்கில் எழுதினான். இந்த முறை பிளேயர் மறுபேச்சுப் பேசாமல் ஓட்டியது.

அப்பா மூக்கு திரையில் படுகிற மாதிரி டிவியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். மெதுவாக ஓட்டு என்றார். நிறுத்து என்றார். திரும்பவும் முதலிலிருந்து போடச் சொன்னார். தன் முதுகைத் தேடுகிறாரோ என்று பெரியவன் ரிமோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யாருமே இல்லையேடா," என்றார் அப்பா.

பெரியவன் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"எவனோ ஒருத்தன் பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சிட்டிருந்தான்னு சொன்னாங்க. அவன் யாருன்னு பார்த்து ஒரு கும்பிடு போடணும்னு இருந்தேன். அதுக்குத்தான் உன்ன இந்தப் பாடு படுத்தினேன். எல்லாரும் எனக்கு ஆறுதலுக்குச் சொல்லியிருக்காங்க."

 இவ்வளவு நாள் பெரியவன் எந்தக் கேள்விக்குப் பயந்தானோ அதை அவர் கேட்கவே இல்லை.

"அப்பா, அது நான்தான். நான்தான் கையப் பிடிச்சிட்டிருந்தேன்."

அப்பா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "வெளியில சரக்கு ஏத்திட்டிருந்தேன்னு நீதானே சொன்னே? இதுலயும் யாரும் இல்ல. என் மனசு ஆறட்டும்னு நீயும் சொல்றியா?"

வெட்டாத வீடியோ அடுத்த அறைக் கணினியில் அப்படியே இருந்தது. இன்னொரு டிஸ்கில் முழுதாக எழுதிக் காட்டினால் நம்பிவிடுவார். ஆனால் பிடித்த கையைக் காட்டினால் பிரித்த விரல்களையும் காட்ட வேண்டும். பெரியவன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"ஆமாப்பா," என்றான். "அதுக்குத்தான் சொன்னேன்."

அப்பா தலையாட்டினார். "தனியாத்தான் போயிருக்கான்," என்று சொல்லிவிட்டு, டிவியை அணைக்கச் சொன்னார்.