எஸலின் பாட்டு, ஒரு கட்டை மேலே

எஸல் ரிக்கின்ஸ் செத்ததற்கு மெம்ஃபிஸ் நகரமே அழுதது. டாலிவருக்கு மட்டும் வயிறு எரிந்தது. சவப்பெட்டிக்குள் வெள்ளை சூட்டோடு படுத்துக்கொண்டே தேவாலயச் சபையை வாசற்படி வரை நிரப்பி வைத்திருந்தானே! தான் செத்தால் இதில் பாதிக் கூட்டமாவது வருமா என்று டாலிவர் யோசித்துப் பார்த்தார். வராது.

இருவரும் இதே சபையில் பாடிப் பழகியவர்கள். பிறகு ஜோடியாக ஊர் ஊராகப் போய் ‘சோல்’ என்ற கறுப்பர் இசைப் பாட்டுகளைப் பாடினார்கள். பாட்டு எழுதுவது எஸல், முன்னால் நின்று பாடுவதும் எஸல். டாலிவர் பக்கத்தில் நின்று கீழ்க்குரல் கொடுத்தார். பெண்கள் யாரைப் பார்த்து அலறினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் பிரிந்துபோய்த் தனியாகப் பாடினார். யார் கேட்டார்கள்?

இன்றைக்கு எஸலின் மனைவி வெர்னெட்டாவே கூப்பிட்டு, ‘விளக்கை அணைக்காதே’ என்று அவன் எழுதிய பாட்டைப் பாடச் சொல்லியிருந்தாள். ஒரே ஒரு தடவை அவனைவிட நன்றாகப் பாடிவிட வேண்டும். டாலிவருக்கு அது போதும். ஆர்கன் வாசிக்கும் பர்னெலின் காதருகே குனிந்தார்.

"ஒரு கட்டை ஏத்திக்கோ, தம்பி."

"எஸல் அண்ணன் அதுல பாடினதே இல்லையே?"

"அவனால முடியாது. அதான்."

சும்மா சொல்லக்கூடாது, பிசிறில்லாமல்தான் பாடினார். ஆனால் ஜனம் விசிறியை ஆட்டிக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் மேபெல் அம்மா, "ஆண்டவரே, இவனுக்கு ஒத்தாசை பண்ணும்" என்றாள். யாராவது தடுமாறினால்தான் அந்தச் சபையில் அப்படிச் சொல்வார்கள். டாலிவருக்குச் சுருக்கென்றது. இன்னும் உரக்கப் பாடினார்.

பல்லவி வரும் இடத்தில் எஸல் எப்போதும் வாயை மூடிக்கொண்டு கையை நீட்டுவான், ஜனம் பாடும். டாலிவர் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஜனமும் விடவில்லை. மொத்த சபையும் எழுந்து எஸலின் பழைய சுருதியில் பாடியது. இரண்டு சுருதியும் முட்டிக்கொண்டு காது கூசியது. பர்னெல் யாரையும் கேட்காமல் ஆர்கனை ஜனத்தோடு இறக்கிவிட்டான்.

டாலிவர் பெட்டியைப் பார்த்தார். படுபாவி, இன்றைக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாயா? ஆனாலும் தொண்டை தானாகத் தணிந்து, பழைய கீழ்க்குரலில் போய் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் விசிறிகள் நின்றன. மேபெல் அம்மா கைக்குட்டையில் முகம் புதைத்து அழுதாள்.

அடக்கம் முடிந்து சபைக் கூடத்தில் சாப்பாடு. வெர்னெட்டா பொரித்த கோழியும் கீரையும் வைத்த தட்டைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவர்தான் உங்களைப் பாடவைக்கச் சொன்னார், அண்ணே. ஏத்தித்தான் பாடுவான், தடுக்காதேன்னார். ஜனம் எறக்கிக் கொண்டுவந்துருமாம்."

முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கிறான்! டாலிவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"வேற என்ன சொன்னான்?"

"நீங்க போனப்புறம் அந்தப் பாட்டுல வேற யாரையும் அவர் கீழ்க்குரல் பாட விட்டதில்லை. மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்க கீழ்க்குரலைக் கேக்கணும்னார்."

டாலிவர் தட்டைத் தள்ளிவைத்தார். எஸல் செத்த சேதி கேட்டும் நனையாத கண் அப்போதுதான் நனைந்தது. அழுதுகொண்டே அவனைத் திட்டினார்.