அறிவு அக்காவின் பதிலடி

அறிவுச்செல்விக்குக் கோபம் மூக்கு நுனியில். அதோடு கையில் ஒரு போனும் இருந்தால் கேட்கவா வேண்டும்? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் ‘மறை மன்றம்’ என்கிற வாட்ஸ்அப் குழுவில் யாரையாவது வறுத்தெடுப்பதுதான் அவளுக்கு வேலை. குழுவில் நானூறு பேர். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று எல்லாரும் உண்டு. மாதாவைப் பற்றியும் முழுக்கு ஞானஸ்நானம் பற்றியும் தங்களுக்குள் குடுமிபிடிச் சண்டை போடுகிறவர்கள், ஒரே ஓர் ஆள் விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். அந்த ஆளின் பெயர் ‘ஜெரோ’.

ஜெரோ கோயம்புத்தூரில் இருப்பதாகச் சொன்னான். முகப்பில் முகம் கிடையாது, ஒரு மலையின் படம்தான் இருந்தது. தன் சபையைப் பிற்காலப் பரிசுத்தவான்களின் சபை என்று நீட்டி முழக்குவான். குழுவில் எல்லாருக்கும் அவன் மார்மோன்காரன். பிதா வேறு, சுதன் வேறு, பரிசுத்த ஆவி வேறு, மூன்றும் தனித்தனி ஆள் என்பான். பிதாவுக்கு நம்மைப்போல் சதையும் எலும்பும் உள்ள உடம்பு உண்டு என்பான். பைபிளுக்குப் பக்கத்தில் இன்னொரு வேத புத்தகம் வைத்திருந்தான். செத்துப்போனவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் ஞானஸ்நானம் வாங்கலாம் என்று சொல்லி, அதற்குக் கொரிந்தியர் நிருபத்திலிருந்து வசனமும் காட்டுவான். டீ, காபிகூடத் தொடமாட்டானாம். இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். அவனுடைய மரியாதையைத்தான் அறிவுச்செல்வியால் தாங்க முடியவில்லை. எவ்வளவு திட்டினாலும், “நீங்க சொல்றத யோசிக்கிறேன் அக்கா. ஆனா நானும் இயேசுவத்தானே கும்புடுறேன்?” என்று முடிப்பான். அதைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆறு மாதச் சண்டைக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மத்தியானத் தூக்கத்தையும் விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினாள். ‘மார்மோன்கள் கிறிஸ்தவர்களா?’ என்று தலைப்பு. பதினான்கு குறிப்பு, ஒவ்வொன்றுக்கும் வசன ஆதாரம். குழுவே எழுந்து ஆடியது. “சாட்டையடி அக்கா!” என்றார்கள். கத்தோலிக்கர் சொன்ன எதற்கும் ஜென்மத்தில் தலையாட்டாத ஒரு பெந்தெகொஸ்தே பாஸ்டர்கூட ‘ஆமென்’ போட்டார். ‘அறிவு அக்காவின் பதிலடி’ என்று பெயர் வைத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். ஜெரோ மட்டும், “படிச்சேன் அக்கா. நெறைய உழைச்சிருக்கீங்க” என்று எழுதினான். ராஸ்கல், அப்போதும் கோபப்படவில்லை.

இது நடந்து பத்து நாள் இருக்கும். ஒரு வியாழக்கிழமை காலையில் அவளுடைய கோயில் பங்கை நிர்வகிக்கும் பேரவையின் செயலாளர் ஆண்டனிராஜ் கடைக்கு வந்தான். எந்தக் கோயில், எந்தப் பங்கு என்று கேட்காதீர்கள். சொன்னால் சொன்னவருக்கு அங்கே நல்லபடியாக எதுவும் நடக்காது.

“அக்கா, ஒங்க நம்பருக்கு ஒரு ஃபைல் அனுப்பிருக்கேன். பன்னெண்டு பிரிண்ட் போடுங்க. பதினோரு மணிக்குப் பேரவையில அவசரக் கூட்டம்.”

அவள் திறந்து பார்த்தாள். அவளுடைய பதினான்கு குறிப்பு! முகம் மலர்ந்துவிட்டது. “என்னப்பா, நான் எழுதுனதா?”

“பெறகு? இதத்தான் வாசிக்கப் போறோம். ஒரு மார்மோன் விசயம் வந்திருச்சு. செத்த நேரத்துல முடிச்சுட்டு வாரேன், சொல்றேன்” என்று அவசரப்படுத்தினான்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதை அவள் பன்னிரண்டு பிரதி எடுத்து, மூலையில் பின்னும் அடித்துக் கொடுத்தாள்.

அவன் போய் அரை மணி நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். வேட்டியெல்லாம் புழுதி, கண் சிவந்திருந்தது. பெயர் பொம்மையன், ஊர் குஜிலியம்பாறைப் பக்கம் என்றார்.

“தாயி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கணும். என் தங்கச்சி மவன். நேத்து வேடசந்தூர் ரோட்டுல லாரி தட்டிருச்சு.”

“அய்யோ! போட்டோ இருக்காய்யா?”

“இந்தப் போன்ல இருக்கு. அவன் போன்தான். நம்பரச் சொல்லு, அனுப்புறேன்.”

அவள் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டார். பிறகு போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “இந்த நம்பரு ஏற்கெனவே இதுல கெடக்கே. ‘அறிவு அக்கா’ன்னு பதிஞ்சு வெச்சிருக்கான். ஒனக்குத் தெரிஞ்ச பையனா தாயி?”

மேசையில் இருந்த அவளுடைய போன் கூவியது. எடுத்துப் பார்த்தாள். மேலே மலைப் படம். பக்கத்தில் ‘ஜெரோ’. அதற்குக் கீழே, நீலச் சட்டை போட்ட ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான். இருபத்தேழு வயதுக்கு மேல் மதிக்க முடியாது.

அறிவுச்செல்வி போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். “குரூப்புல… பழக்கம்” என்றாள். போஸ்டருக்கு வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை வாய் தானாகக் கேட்டது. பேர் என்ன? ஜெரோம். அடக்கம் எங்கே?

“அதுதான் எழவு, இன்னும் தெரியல” என்ற பொம்மையன், சுவரில் தொங்கிய கோயில் காலண்டரைக் காட்டினார். “அவுக அப்பன் ஒங்க கோயில் கல்லறையிலதான் கெடக்கான். அப்பன் குழியிலயே புள்ளையையும் வைக்கணும்னு என் தங்கச்சி பேச்சாயி மன்றாடுறா. நாங்க சாமி கும்புடுற ஆளுக தாயி, அவ கட்டிக்கிட்டுப் போன எடம் கிறிஸ்துவ வேதக்காரவுக. பய வேலைக்குப் போன எடத்துல வேற சபையில சேந்துட்டானாம். அதனால பதினோரு மணிக்குக் கூடிப் பேசப்போறாகளாம். சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டேங்கிறானே!”

இரண்டாயிரம் குடும்பம் உள்ள பங்கு. அந்தப் பேச்சாயியை அவள் எத்தனை பூசையில் இடித்துக்கொண்டு நடந்திருப்பாளோ, தெரியாது. அவசரமாகப் போனை எடுத்துத் தன் பதிலடியை அழிக்கப் போனாள். முடியவில்லை. பத்து நாள் பழசை எல்லாருக்குமாக அழிக்க வழியில்லை, தன் போனில் மட்டும் அழித்துக்கொள்ளலாம் என்றது. கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினாள்.

கோயிலை ஒட்டிய மன்றத்தின் வாசலில், கழற்றிப்போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். அவள்தான் பேச்சாயி என்று சொல்ல வேண்டியதில்லை. அறிவுச்செல்வி அந்த முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். பங்குச் சாமியாரும் பேரவைக்காரர்களும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பிரதி மடியில் இருந்தது.

“அப்பன் குழியில புள்ளைய வைக்கிறதுக்கு எதுக்குய்யா கூட்டம்?” என்று நின்றபடியே கத்தினாள்.

ஆண்டனிராஜ் திகைத்துப்போனான். “என்னக்கா, நீங்களே இப்பிடிப் பேசுனா? நம்ம ஞானஸ்நானத்த வேணாம்னுட்டுப் போனவன். மார்மோன் கிறிஸ்தவனே இல்லன்னு புட்டுப்புட்டு வெச்சது நீங்கதான?”

“ஆமா, நான்தான். அதுல ஒரு எழுத்தையும் மாத்தமாட்டேன். மூவொரு கடவுள ஒத்துக்காதவன் நம்ம விசுவாசத்துல இல்ல. அது அவனுக்கும் எனக்கும் உள்ள வழக்கு. போன வருசம் குடிச்சே செத்த காண்ட்ராக்டருக்கு முன்வரிசையில குழி குடுத்தீங்களே, அவன் எந்தக் கடவுளக் கும்புட்டான்? பாட்டிலத்தான கும்புட்டான்?”

“அவரு பங்கு அங்கத்தினரு.”

“இவன் இந்தக் கோயில் தொட்டியில ஞானஸ்நானம் வாங்குன புள்ள! பொணத்துக்குக் குழி குடுக்காதீங்கன்னு நான் எந்த வரியில எழுதியிருக்கேன்? காட்டுங்க பாப்போம்!”

ஆண்டனிராஜ் தன் பிரதியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிச் சாமியாரிடம் நீட்டினான். அடியில் ஒரு வரிக்கு மஞ்சள் மை தடவியிருந்தது. சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். “‘ஆகையால் இவர்களோடு ஒரே பந்தியில் உட்காரவும் முடியாது, ஒரே கல்லறையில் படுக்கவும் முடியாது.’”

அப்படி ஒரு வரி எழுதியதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. பதினான்கு குறிப்புக்கும் வசனம் உண்டு, இதற்குக் கிடையாது. முடிக்கும்போது ஓங்கி முடிக்க வேண்டும் என்று, கைதட்டலுக்காகப் போட்ட வரி. குழுவில் அதிகம் கைதட்டியதும் இந்த வரிக்குத்தான்.

“அது… ஒரு வேகத்துல எழுதுனது சாமி. மனசறிஞ்சு எழுதல.”

“நீங்க எழுதாட்டியும் வேற காரணம் இருக்கும்மா” என்றார் சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு. “ஆனா தெளிவா எழுதிட்டீங்க. பேரவையே முடிவெடுக்கட்டும்.”

குழி குடுக்கக் கூடாது என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். ஒன்பது கை எழுந்தது. அந்தக் கைகளில் பாதிக்கு மார்மோன் என்றால் என்னவென்றே நேற்றுவரை தெரியாது. அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ஆண்டனிராஜைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. அதே கையால் தன் கன்னத்திலும் நாலு போட்டுக்கொள்ள வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. “நீங்கள்லாம் நல்லா இருப்பீங்களாடா?” என்றாள். அந்தச் சாபத்தில் தனக்கும் பங்கு உண்டு என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவள் பின்னாலேயே வந்து வெளியே நின்றிருந்த பொம்மையன், முடிவைக் கேட்டதும் ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை. “எந்திரி பேச்சாயி. இவனுக மண்ணு யாருக்கு வேணும்? எனக்கு ரெண்டு ஏக்கர் மானாவாரி கெடக்கு. என் மருமவன் அங்க படுக்கட்டும். ஏலே, வண்டிய எடுங்கடா!”

குஜிலியம்பாறை பஸ்ஸில் அறிவுச்செல்வி ஒண்டியாகப் போனாள். வழியெல்லாம் போன் கூவிக்கொண்டே இருந்தது. கூட்டத்தின் முடிவு அதற்குள் குழுவுக்குப் போயிருந்தது. ‘அக்காவின் பதிலடி வென்றது! திண்டுக்கல் பங்கு எடுத்த உறுதியான முடிவு!’ என்று ஒருவன் போட, கீழே வரிசையாகக் கைதட்டல். அவள் ‘செத்தது நம்ம ஜெரோடா, பாவிகளா’ என்று எழுதினாள். அப்புறம் ஒருவர் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்றார். இன்னொருவர், ‘கடைசி நேரத்தில் மனந்திரும்பினாரா?’ என்று கேட்டார். அவள் குழுவை விட்டு வெளியேறினாள். இத்தனை வருஷமும் இந்தக் கூட்டத்தின் கைதட்டலுக்கா உட்கார்ந்து எழுதினோம் என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

பொம்மையனின் காடு கல்லும் சரளையுமாகக் காய்ந்து கிடந்தது. மூன்று பேர் மாற்றி மாற்றிக் கடப்பாரை போட்டும் இடுப்பளவு வெட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டு பேர் வந்து நின்றார்கள். பெட்டியை இறக்கியதும், அவர்களில் ஒருவன் கண்ணை மூடி, இந்த இடம் இவனுடைய உடம்பைப் பத்திரமாக வைத்திருக்கட்டும் என்று சின்னதாக ஜெபித்தான். இயேசுவின் நாமத்தில் ஆமென் என்று முடித்தான். பொம்மையனும் ஆமென் என்றார். அவர் இயேசுவைக் கும்பிடுகிறவரே இல்லை. இவர்கள் சொல்லும் இயேசு வேறு இயேசு என்று ஒன்பதாம் குறிப்பில் எழுதியவளுக்கோ வாய் வரவில்லை.

மண் தள்ளி முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். அறிவுச்செல்வி பேச்சாயியிடம் போனாள். சொல்லாமலே திரும்பிப் போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவளால் அப்படிப் போக முடியவில்லை.

“அம்மா, அங்க வாசிச்சாங்களே ஒரு தாளு… அத எழுதுனது நான்தான்.”

பேச்சாயி நிமிர்ந்து பார்த்தாள். அறைவாள், காறித் துப்புவாள் என்று அறிவுச்செல்வி எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். பேச்சாயி எட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

“சன்னல் வழியா நானும் கேட்டேன். நல்லா எழுதியிருந்த. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. எம்புருசன் அங்க கெடக்காரு. எம்புள்ள இங்க கெடக்கான். நாளைக்கு நான் செத்தா எங்குட்டுப் போயிப் படுக்க? நீதான் எழுதத் தெரிஞ்சவளாச்சே. அதையும் எழுதிக் குடுத்துட்டுப் போ.”

அறிவுச்செல்வி கையை இழுத்துப் பார்த்தாள். பேச்சாயி விடவில்லை. “சொல்லுடி!” என்றாள்.