சாட்சி சொல்ல வந்த ஜெகதீஸ்வரி

நாயாற்றுக்காரனான கொலின்ஸ், வேதாகமக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, பாஸ்டராகத் துணுக்காய்க்கு வந்தபோது சாதாரணமாகக் கதைப்பதையே மறந்துபோயிருந்தான். பஸ் பிந்தினால், "சத்துரு தடை செய்கிறான்" என்பான். யாராவது தேத்தண்ணி கொடுத்தால், "ஆசீர்வதிக்கப்பட்டேன்" என்பான்.

புதன்கிழமைகளில் அவன் ஜெகதீஸ்வரி வீட்டுக்குப் போவான். அவள் சைவக்காரி. புருசன் செத்தபிறகு தனியாக வயல் செய்கிறாள்.

"அம்மா, நீங்கள் மறுபடியும் பிறக்க வேணும்."

"ஐயோ தம்பி, இனிப் பிறவியே வேண்டாமெண்டுதானே பிள்ளையாரைக் கும்பிடுறன்."

"ஆட்டுக்குட்டியானவரின் இரத்தத்தில் கழுவப்பட வேணும்."

"நான் மச்ச மாமிசம் சாப்பிடுறேல்லை, தம்பி."

என்றாலும் அவன் வருவது அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குள் ஒரு மனிசக் குரல் கேட்டது. ஒரு புதன்கிழமை அவளுடைய முழங்கால் நோவுக்காக அவன் ஜெபித்தான். அடுத்த கிழமை நோ குறைந்திருந்தது. அவள் நாட்டு வைத்தியரின் எண்ணெயும் பூசியிருந்தாள். அதை அவன் விசாரிக்கவில்லை.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலையிருந்து எங்கடை தலைமைப் போதகர் வாறார். நீங்கள் வந்து அவருக்கு முன்னாலை சாட்சி சொல்ல வேணும்."

ஜெகதீஸ்வரி அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். இத்தனை மாதத்தில் அவன் சொன்னதில் அவளுக்கு விளங்கிய முதல் சொல் 'சாட்சி'தான். காணாமல் போன மகன் நிருஷனுக்காக மூன்று விசாரணைகளில் சாட்சி சொன்னவள் அவள். மூன்றுக்கும் கொழும்பிலிருந்துதான் ஆட்கள் வந்தார்கள்.

"படம் கொண்டு வரவோ?"

எக்ஸ்ரே படத்தைக் கேட்கிறாள் என்று நினைத்த கொலின்ஸுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "கட்டாயம் கொண்டு வாங்கோ!"

ஞாயிறு காலை தகரக் கொட்டகைச் சபை நிறைந்திருந்தது. கொலின்ஸ் மைக்கைப் பிடித்து, "இந்தச் சகோதரியைக் கர்த்தர் தொட்டார்!" என்றான். தன்னை யார் தொட்டது என்று திரும்பிப் பார்த்துவிட்டு, ஜெகதீஸ்வரி ஒரு பைலோடு மேடையேறினாள்.

"என்ரை பேர் தில்லைநாதன் ஜெகதீஸ்வரி. மகன் நிருஷன். அப்ப பதினேழு வயது. இரண்டாயிரத்து ஒன்பது, வைகாசி. பாலத்தடியிலை ஆமிக்காரர் பிள்ளையை பஸ்ஸிலை ஏத்தினவை. என்ரை கண்ணாலை கண்டனான்."

"ஆமென்!" என்றது சபை.

"அதுக்குப் பிறகு நான் அவனைக் காணேல்லை."

பழக்கத்தில் ஒரு மூலையிலிருந்து அல்லேலூயா எழும்பி, பாதியில் நின்றது. தலைமைப் போதகர் கொலின்ஸின் காதுக்குள் கேட்டார்: "முழங்கால் எப்ப வரும்?"

ஜெகதீஸ்வரி மகனின் படத்தையும் விசாரணைக் கடிதங்களின் போட்டோகொப்பிகளையும் போதகரிடம் நீட்டினாள். "ஐயா, கொழும்பிலை குடுக்கவேண்டிய ஆக்களிட்டை இதைக் குடுங்கோ."

"சகோதரி, எல்லாம் கர்த்தருக்குத் தெரியும்."

அவளுடைய முகம் மலர்ந்தது. "தெரியுமோ? அப்ப அவரிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ, ஐயா. பிள்ளை எங்கை எண்டு மட்டும் சொன்னால் காணும்."

தலைமைப் போதகர் கீபோர்ட்காரனைப் பார்த்துக் கையை அசைத்தார். பாட்டுத் தொடங்கியது. எல்லோரும் கையை உயர்த்திப் பாடினார்கள். மேடையில் நின்ற ஜெகதீஸ்வரி, பதில் வரும் என்று பாட்டு முடியும்வரை காத்திருந்தாள்.

கொலின்ஸ் அவளைக் கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது உண்மையைச் சொன்னான். "அம்மா, நான் உங்களைக் கூப்பிட்டது முழங்கால் சுகமானதைச் சொல்ல."

"முழங்காலுக்கோ?" அவள் அவனை வடிவாக உற்றுப் பார்த்தாள். "அதைக் கேக்கவோ கொழும்பிலையிருந்து ஆள் வந்தவர்?"

பஸ் போனது.

புதன்கிழமை போவதா விடுவதா என்று யோசித்து, கடைசியில் போனான். வாசலில் நின்றவனை அவள் உள்ளே கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. சுளகிலிருந்த அரிசியைப் புடைத்து முடித்துவிட்டு, "இண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டாள்.

"இல்லை அம்மா. நிருஷன் என்ன மாதிரிப் பிள்ளை?"

"சரியான குழப்படி. ஒரு இடத்திலை இருக்கமாட்டான்," என்றாள் ஜெகதீஸ்வரி. பிறகு உள்ளே போய், அவன் உட்காரக் கதிரையை எடுத்துவந்து போட்டாள்.